ரீமேக் எதைக் காப்பாற்ற வேண்டும்: அறிவியல் புனைவுப் படங்களும் வீடியோ கேம்களும்

1982 ஜூன் 25 அன்று அமெரிக்காவில் இரண்டு அறிவியல் புனைவுப் படங்கள் ஒரே நாளில் வெளியாயின. ஒன்று ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’. மற்றொன்று ஜான் கார்பென்டரின் ‘தி திங்’. இரண்டு வாரங்களுக்கு முன்பு வந்திருந்த ‘ஈ.டி.’ வேற்றுலகிலிருந்து வந்த அன்பான ஓர் உயிரைக் காட்டி எல்லோருடைய மனத்தையும் கவர்ந்திருந்த வேளையில், மனித உடலைப் பிளந்துகொண்டு வெளிவரும் கார்பென்டரின் உயிரியைப் பார்க்கப் பலருக்கும் விருப்பமில்லை. விமர்சகர்கள் அருவருப்பு என்று ஒதுக்கினார்கள்; வசூலும் ஏமாற்றமளித்தது. ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரித்து 1951-இல் வெளியான ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ என்ற படத்தின் ரீமேக் அது. ரீமேக் என்றாலே கற்பனை வறட்சி என்று யாரேனும் சொன்னால், அதை மறுக்க ரசிகர்கள் இன்று முதலில் எடுத்துவைப்பது அன்று தோற்றுப்போன இந்தப் படத்தைத்தான்.

அறிவியல் புனைவுப் படங்களையும் வீடியோ கேம்களையும் ஒரே அளவு நேசிக்கிற ரசிகன் என்ற முறையில், ரீமேக் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் பயனற்றது என்றே நான் கருதுகிறேன். மூலப் படைப்பின் உயிர் அதன் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ரீமேக் செய்பவர் கண்டுபிடித்திருக்கிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. திரைப்படத்தில் அந்த உயிர் பெரும்பாலும் ஓர் அச்சத்தில், அதாவது அந்தக் காலத்து மனிதர்கள் வெளிப்படையாகப் பேசத் தயங்கிய ஒரு சந்தேகத்தில் இருக்கிறது. கேமிலோ, ஆடுபவரை எதைச் செய்ய வைக்கிறது, எதைச் செய்ய விடாமல் தடுக்கிறது என்பதில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் காட்சியின் பளபளப்பை மட்டும் கூட்டுபவர்கள், எத்தனை கோடி செலவழித்தாலும், உயிரற்ற பொருளையே கையில் தருகிறார்கள்.

ஒரே கதையை நான்கு காலங்கள் எப்படிக் கையாண்டன என்பதைப் பார்ப்பதற்கு ஜாக் ஃபின்னியின் நாவலைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. விண்வெளியிலிருந்து வந்த விதைகள் பெரிய காய்களாக வளர்கின்றன. ஒருவர் உறங்கும்போது அவரைப் போலவே ஓர் உருவம் அந்தக் காய்க்குள் உருவாகிறது. மறுநாள் காலை அதே முகத்துடன், அதே நினைவுகளுடன், ஆனால் எந்த உணர்ச்சியும் இல்லாமல் வேறொருவர் எழுந்து நடமாடுகிறார். 1956-இல் டான் சீகல் இதைக் கலிஃபோர்னியாவின் ஒரு சிறு ஊரில் வைத்து ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ என்ற படமாக எடுத்தார். பனிப்போர்க் காலத்தில் வந்த அந்தப் படத்தைக் கம்யூனிசம் பற்றிய எச்சரிக்கை என்று சிலரும், கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அமெரிக்க மனநிலையின் மீதான விமர்சனம் என்று வேறு சிலரும் வாசித்தார்கள். இரண்டு வாசிப்புகளுக்கும் படத்தில் இடமிருக்கிறது. அண்டை வீட்டுக்காரரை நம்ப முடியாத நிலையை மட்டுமே அது காட்டியது. யார் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை.

1978-இல் ஃபிலிப் காஃப்மன் அதே கதையைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். இந்த இடமாற்றம்தான் அந்த ரீமேக்கின் மேதைமை. சிறு ஊரில் ஒருவர் மாறிவிட்டால் அவருடைய குடும்பத்தாருக்கு அது உடனே தெரிந்துவிடும். பெருநகரத்திலோ யாரும் யாரையும் அறியமாட்டார்கள், எல்லோரும் ஏற்கெனவே முகத்தை இறுக்கிக்கொண்டுதான் நடக்கிறார்கள், அதனால் எவர் மாறியவர், எவர் மாறாதவர் என்பதைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. லெனார்ட் நிமோய் நடித்த உளவியல் மருத்துவர் தன்னிடம் வந்து அழுகிற பெண்ணிடம், உறவில் ஏற்பட்ட சலிப்புக்குக் காரணம் தேடுகிறாய் என்று மென்மையாக விளக்குகிறார். மனச்சிகிச்சையின் மொழியைக் கொண்டே ஒருவருடைய நியாயமான அச்சத்தை அடக்கிவிட முடியும் என்பது 1956-இன் படத்தில் ஓரமாக மட்டும் இருந்த எண்ணம். காஃப்மன் அதைக் கதையின் மையத்துக்கு நகர்த்தினார். முதல் படத்தின் நாயகன் கெவின் மெக்கார்த்தி இதிலும் வருகிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டே இருந்தவரைப் போல, நெரிசலில் நிற்கும் காரின் மீது மோதி, ‘அவர்கள் வந்துவிட்டார்கள்’ என்று கத்துகிறார். அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. மூலப்படத்துக்குச் செலுத்தும் மரியாதையையே கதையின் அச்சமாக மாற்றிய அந்த ஒரு நிமிடத்தைவிடச் சிறந்த வணக்கத்தை வேறெந்த ரீமேக்கிலும் நான் கண்டதில்லை. முதல் படத்தின் முடிவில் ஒரு நம்பிக்கைக் கீற்றைத் தயாரிப்பு நிறுவனம் வலிந்து சேர்த்திருந்தது. 1978-இன் முடிவில் அப்படி எதுவும் இல்லை.

1993-இல் ஏபல் ஃபெராரா கதையை ஒரு ராணுவ முகாமில் வைத்தார். எல்லோரும் ஒரே உடை, ஒரே நடை, ஒரே கட்டளை என்று வாழும் இடத்தில் மாற்றம் நிகழ்ந்தால் அதை எப்படி அறிவது என்ற கேள்வி கூர்மையானது. படம் சிறியது, அதற்குரிய கவனம் இன்றும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். 2007-இல் நிக்கோல் கிட்மன் நடிக்க வந்த ‘தி இன்வேஷன்’ காய்களையே விட்டுவிட்டு, மாற்றத்தை ஒரு தொற்றுநோயாக ஆக்கியது. நோய் என்றால் மருந்தும் உண்டு. ஆகவே எல்லாம் சரியாகிவிடுகிறது. மாறியவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் முழு வலியும் இருந்தது. அதை எடுத்துவிட்ட பிறகு எஞ்சுவது துரத்தல் காட்சிகள் மட்டுமே.

‘தி திங்’ படத்துக்கு மீண்டும் வருகிறேன், ஏனென்றால் ரீமேக் செய்பவர் மூலப்படத்துக்குப் பின்னால் இருக்கும் கதையையும் படித்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே தெளிவான சான்று. ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938-இல் எழுதிய குறுநாவலில், அண்டார்க்டிகாவில் கண்டெடுக்கப்படும் உயிரி தான் விழுங்கும் எந்த உயிரின் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும். 1951-இன் படம் அந்த அம்சத்தை முழுவதுமாகக் கைவிட்டு, களத்தை வடதுருவத்துக்கு மாற்றி, தாவர இயல்பு கொண்ட, மனித வடிவிலான ஓர் அரக்கனை வைத்தது. அதை எதிர்த்து மனிதர்கள் ஒற்றுமையாக நின்று வென்றார்கள். கார்பென்டர் மூல நாவலுக்குத் திரும்பினார். உருமாறும் உயிரி வந்தவுடன் ஒற்றுமை போய்விடுகிறது. பன்னிரண்டு ஆண்கள், ஒரு பனி நிலையம், எவன் மனிதன் என்று எவனுக்கும் தெரியாத நிலை.

அந்தப் படத்தின் ரத்தப் பரிசோதனைக் காட்சியை நெருங்கிப் பார்த்தால் அதன் திறம் புரியும். உயிரியின் ஒவ்வொரு துளியும் தனி உயிர், எனவே ஒருவருடைய ரத்தத்தில் சூடான கம்பியை வைத்தால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் துள்ளும் என்று படத்தின் நாயகன் மெக்ரெடி ஊகிக்கிறான். ஒவ்வொருவரின் ரத்தமும் சிறு கண்ணாடித் தட்டில் எடுக்கப்படுகிறது. முதலில் ஒருவனுடையது, பிறகு மெக்ரெடியுடையதே, பிறகு இறந்துபோன இருவருடையது. ஒவ்வொரு முறையும் கம்பி ரத்தத்தில் பட்டு வெறுமனே சீறி அடங்குகிறது. இறந்த இருவரில் ஒருவன் சற்று முன்பு மெக்ரெடியே சுட்டுக் கொன்றவன். அவன் மனிதனாகவே இருந்தான் என்பது இப்போது தெரியவருகிறது. கட்டிவைக்கப்பட்டவர்களில் ஒருவனான சைல்ட்ஸ் அதைக் கொலை என்று சொல்கிறான்; நிலையத் தலைவர் கேரி இந்தச் சோதனையே அபத்தம் என்று சொல்ல, நம்முடைய கவனமும் சந்தேகமும் அவர் பக்கம் திரும்புகின்றன. மெக்ரெடி அவரோடு பேசிக்கொண்டே, அடுத்த தட்டில் அசட்டையாகக் கம்பியை வைக்கிறான். அந்த நொடியில் ரத்தம் அலறிக்கொண்டு துள்ளுகிறது. அது பாமருடையது, யாரும் பார்க்காத மூலையில், மற்றவர்களோடு ஒரே இருக்கையில் கட்டுண்டு இருந்தவன். ஒப்பனைக் கலைஞர் ராப் போட்டினின் உருமாற்றக் கலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதுவரை காட்சியைத் தாங்கியவை ஒரு கம்பி, சில தட்டுகள், நடிகர்களின் முகங்கள் ஆகியவை மட்டுமே.

அதே பெயரில் 2011-இல் வந்த படம், கார்பென்டரின் கதைக்கு முன்பு நார்வே நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறது. உயிரியால் உலோகத்தை நகலெடுக்க முடியாது என்பதால், ஒவ்வொருவரும் வாயைத் திறந்து பல்லில் அடைத்த உலோகத்தைக் காட்ட வேண்டும் என்ற நல்ல யோசனை அதில் உண்டு. பல் சொத்தையாகாதவன் சந்தேகத்துக்குரியவன் ஆகிறான். இது உண்மையிலேயே புதிய அச்சம். ஆனால் படம் அந்த யோசனையைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. நேரடியாகச் செய்யப்பட்ட உயிரி உருவங்கள் பெரும்பாலும் கணினி வரைகலையால் மூடப்பட்டன என்பது ரசிகர்களிடையே நெடுங்காலக் குறை. கணினி வரைகலை என்பதற்காகவே ஒன்றைக் குற்றம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை; இங்கே நடிகர்களின் முன்னால் இருந்த பொருளின் எடை திரையில் காணாமல்போனதுதான் சிக்கல்.

இதே கதை 2002-இல் ஒரு கேமாகவும் வந்தது. கார்பென்டரின் படத்துக்குப் பிறகு நிலையத்துக்கு வரும் மீட்புக் குழுவின் தலைவனாக நாம் ஆடுகிறோம். கூட வருபவர்களுக்கு நம்பிக்கை, அச்சம் என்று இரண்டு அளவீடுகள் உண்டு; அவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தால் நம்பிக்கை கூடும், சடலங்களைக் கண்டால் அச்சம் கூடும், நாம் மனிதனா என்றே அவர்கள் சந்தேகிக்கவும் செய்வார்கள். கேமின் மொழியில் படத்தின் உயிரைப் பிடிக்க முயன்ற அருமையான சிந்தனை அது. ஆனால் சில தோழர்கள் உயிரியாக மாறும் இடங்கள் கதையில் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்ததால், ரத்தத்தைச் சோதித்து மனிதன் என்று உறுதிசெய்யப்பட்டவன் சற்று நேரத்திலேயே உடல் பிளந்து நிற்பான். சோதனைக்கு மதிப்பில்லை என்று ஆடுபவர் உணர்ந்த கணத்தில் சந்தேகமும் போய்விடுகிறது. சந்தேகம் போனால் ‘தி திங்’ என்ற பெயருக்கே பொருளில்லை.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1997-இல், வெஸ்ட்வுட் நிறுவனம் ‘பிளேடு ரன்னர்’ கேமில் அந்த இடத்தைச் சரியாகக் கையாண்டிருந்தது. படத்தின் கதையை மீண்டும் சொல்லாமல், அதே காலத்தில் அதே நகரத்தில் செயற்கை மனிதர்களை வேட்டையாடும் வேறொரு காவலனை நாயகனாக்கியது. சந்தேகத்துக்குரியவர்களில் யார் மனிதர், யார் செயற்கை மனிதர் என்பதில் ஒரு பகுதியை ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் கேமே மாற்றிவைக்கும். நண்பரிடம் கேட்டோ குறிப்புப் புத்தகம் பார்த்தோ விடை பெற முடியாது. கண்ணின் அசைவை அளக்கும் வாய்ட்-காம்ஃப் சோதனையை நாமே நடத்தி, நாமே முடிவெடுக்க வேண்டும். படத்தின் எந்தக் காட்சியையும் அப்படியே எடுத்துவைக்காமல் படத்தின் சந்தேகத்தை நம் கைக்கு மாற்றிய அந்த கேமை, திரைப்படம் சார்ந்த கேம்களில் மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன்.

திரைப்பட ரீமேக்கைவிட கேம் மூலத்துக்கு நெருக்கமாக வந்த மற்றொரு சான்று ‘ரோபோகாப்’. 1987-இன் படத்தில், கொல்லப்பட்ட காவலர் மர்ஃபியின் உடல் ஒரு நிறுவனத்தின் சொத்தாக எழுகிறது. தான் யார் என்பதை அவர் துணுக்குத் துணுக்காக, கனவுகளிலும் காலியான தன் பழைய வீட்டிலும் மீட்டெடுக்கிறார். அந்த மெதுவான மீட்பே படம். 2014-இன் ரீமேக்கில் அவர் கண் விழிக்கும்போதே தான் யார் என்று அறிந்திருக்கிறார், மனைவியும் மகனும் அவரைக் காண வருகிறார்கள். ஆளில்லா ஆயுதங்கள் பற்றிய தன் காலத்துக்குரிய கேள்வியை அந்தப் படம் எழுப்பியது என்பதை மறுக்கவில்லை, ஆனால் தேடலை முதலிலேயே முடித்துவிட்டதால் கேள்வி தனியே நிற்கிறது. 2023-இல் வந்த ‘ரோபோகாப்: ரோக் சிட்டி’ என்ற கேமிலோ, முதல் படத்தின் நடிகர் பீட்டர் வெல்லரே குரல் கொடுக்க, நாம் குதிக்கவோ குனியவோ முடியாமல் கனத்த காலடிகளுடன் நடக்கிறோம்; துப்பாக்கிச் சண்டைகளுக்கு இடையே தவறாக நிறுத்திய கார்களுக்கு அபராதச் சீட்டு எழுதுகிறோம். அந்தச் சீட்டு எழுதும் வேலையில்தான், இயந்திரத்துக்குள் கடமை உணர்வோடு ஒரு சாதாரணக் காவலர் எஞ்சியிருக்கிறார் என்பது நமக்கு உறைக்கிறது.

டேவிட் குரோனென்பெர்கின் ‘தி ஃபிளை’ பற்றி ஒரு சொல் மட்டும். 1958-இன் படத்தில் மனிதனும் ஈயும் தலையை மாற்றிக்கொண்டன. 1986-இல் இருவரின் உடலும் மூலக்கூறு அளவில் கலந்து, நாள்பட நாள்பட மனிதன் சிதைகிறான். ஒரு கணத்து விபத்தை நீண்ட நோயாக மாற்றிய அந்த ஒரே முடிவு, திகில் கதையை நேசிப்பவரை இழப்பதன் கதையாக ஆக்கியது. ஒப்பனைக்கான ஆஸ்கரும் அதற்குக் கிடைத்தது.

கேம்களின் ரீமேக்குக்குத் திரும்பினால், அங்கே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. பழைய கேம்களில் பல அம்சங்கள் வன்பொருளின் குறையால் பிறந்தவை. அவற்றில் எது வெறும் குறை, எது குறையாகத் தொடங்கிப் பிறகு பொருள் பெற்றுவிட்டது என்று பிரித்தறிவது எளிதல்ல. 1999-இல் வந்த முதல் ‘சைலன்ட் ஹில்’ கேமில் ஊரை மூடிய மூடுபனி, தொலைவில் உள்ளதை வரைய முடியாத பிளேஸ்டேஷனின் இயலாமையை மறைக்க உதவியது; ஆனால் அந்தப் பனி இல்லாத சைலன்ட் ஹில்லை இன்று யாரும் கற்பனை செய்ய முடியாது. அதுபோலவே 1996-இன் ‘ரெசிடென்ட் ஈவில்’ முன்கூட்டியே வரைந்த படங்களைப் பின்னணியாக வைத்ததால், கேமரா ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிலையான கோணத்தில் அசையாமல் நின்றது. திருப்பத்துக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்பது தெரியாது. காலடியோசை மட்டும் கேட்கும். தொழில்நுட்பம் தந்த அந்தக் குருட்டுத்தன்மைதான் திகில்.

‘ரெசிடென்ட் ஈவில்’ கேமை இயக்கிய ஷின்ஜி மிகாமி 2002-இல் தன் கேமையே தான் மறு ஆக்கம் செய்தபோது, அசையாத கேமராவை அப்படியே வைத்துக்கொண்டார், மாற்றியது வேறொன்றை. பழைய கேமை முடித்தவர்களுக்கு, கதை நடக்கும் மாளிகையின் ஒவ்வொரு தாழ்வாரமும் மனப்பாடம். எந்த நடமாடும் பிணத்தைச் சுட வேண்டும், எந்த வழி பாதுகாப்பானது என்பதெல்லாம் தெரியும். ரீமேக்கில், சுட்டு வீழ்த்திய பிணத்தின் தலை சிதறவில்லை என்றாலோ உடலை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கவில்லை என்றாலோ, பிறகு ஒரு வேளையில் அது சிவந்த தலையும் நீண்ட நகங்களுமாக, முன்பைவிட வேகமாக எழுந்து ஓடிவரும். மண்ணெண்ணெயோ குறைவாகவே கிடைக்கும். அதைச் சுமக்கும் குப்பி பையில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே, எந்தத் தாழ்வாரத்தை இனி அடிக்கடி பயன்படுத்துவோம் என்று முன்னரே யோசித்து, அங்கே கிடப்பதை மட்டும் எரிக்க வேண்டியிருக்கிறது. வெற்றி என்று பழைய கேம் சொல்லித்தந்த செயலைப் புதிய கேம் ஆபத்தாக மாற்றியது. சன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும் புகழ்பெற்ற தாழ்வாரத்தில், ரீமேக்கில் முதல்முறை கண்ணாடி விரிசல் மட்டும் விடுகிறது. நாய்கள் பிறகுதான் வருகின்றன. நினைவு வைத்திருப்பவரே அதிகம் அஞ்சும்படி ஒரு ரீமேக்கை அமைக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

1997-இன் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ கேமுக்கு 2020-இல் தொடங்கிய மறு ஆக்கம் இன்னும் துணிந்தது: கதை பழைய வழியை விட்டு விலகும் போதெல்லாம் ஆவி போன்ற உருவங்கள் வந்து அதைத் தடுக்கின்றன. ரசிகர்களின் எதிர்பார்ப்பையே பாத்திரமாக்கிய அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் முதன்முறை வருபவருக்கு அந்த உருவங்கள் யாவை என்று விளங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விண்வெளித் திகிலில் ‘டெட் ஸ்பேஸ்’ தனி இடம் பெற்றது. 2008-இன் கேமில் பொறியாளர் ஐசக் கிளார்க் பேசமாட்டார். அவருடைய உயிரளவு திரையின் மூலையில் இல்லாமல் அவர் உடையின் முதுகுத்தண்டில் ஒளிரும். எதிரிகளின் கை கால்களை அறுத்தால்தான் அவை சாகும். 2023 ஜனவரியில் வந்த ரீமேக்கை மோட்டிவ் ஸ்டுடியோ செய்தது. முதுகில் ஒளிரும் அளவும் அறுக்கும் முறையும் அப்படியே இருக்க, அத்தியாயம் அத்தியாயமாகத் துண்டுபட்டிருந்த, கதை நடக்கும் இஷிமுரா விண்கப்பல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தே செல்லக்கூடிய ஒரே இடமாயிற்று. அனுமதி நிலை உயர உயர, முன்பு பூட்டியிருந்த கதவுகள் திறக்கின்றன. திறக்க வேண்டுமானால் ஏற்கெனவே கடந்துவந்த இருண்ட வழிகளுக்கே திரும்ப வேண்டும், அங்கே என்ன காத்திருக்கும் என்பதை ஆட்டத்தின் போக்கைப் பார்த்து கேம் தீர்மானிக்கிறது. ஐசக் இப்போது பேசுகிறார். மற்றவர்கள் ஏவிய வேலையைச் செய்து திரிந்தவர், பழுதைப் பார்த்து வழியைத் தானே சொல்லும் பொறியாளர் ஆகிறார். மௌனத்தை இழப்பது தவறாகிவிடும் என்று பல ரசிகர்கள் அஞ்சினார்கள். மௌனம் அந்த கேமின் உயிர் அல்ல, கப்பலே அதன் உயிர் என்பதைச் செய்தவர்கள் சரியாகக் கணித்திருந்தார்கள்.

எது உயிர் என்பதைத் தவறவிட்டு, பிறகு திரும்பி வந்த கதை ‘சிஸ்டம் ஷாக்’ கேமுடையது. சிட்டடெல் விண்வெளி நிலையத்தைக் கைப்பற்றிய ஷோடான் என்ற செயற்கை அறிவை எதிர்க்கும் அந்த 1994-ஆம் ஆண்டு கேமை மறு ஆக்கம் செய்ய, நைட்டைவ் ஸ்டுடியோஸ் 2016-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் வழியாக ரசிகர்களிடம் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. திட்டம் விரிந்துகொண்டே போய் மூலத்தை விட்டு விலகிவிட்டது என்று 2018-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டு வேலையை நிறுத்திவைத்தது. 2023 மே மாதம் வெளிவந்த கேம், எங்கே போக வேண்டும் என்று அம்புக்குறி காட்டாத பழைய பிடிவாதத்தைக் காப்பாற்றியது. இறந்தவர்கள் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டு, எண்களைக் குறித்துக்கொண்டு, வழியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஷோடானுக்குக் குரல் கொடுத்தவர் முதல் கேமில் கொடுத்த அதே டெர்ரி புரோசியஸ். பணம் கொடுத்துவிட்டு ஏழு ஆண்டுகள் காத்திருந்தவர்களின் எரிச்சல் நியாயமானது. ஆனால் தவறான ஒன்று விரைவில் வருவதைவிட இது மேல் என்றே நினைக்கிறேன்.

ரசிகர்களே எழுந்து செய்ததும் உண்டு. 2004-இல் வால்வ் நிறுவனம் ‘ஹாஃப்-லைஃப்’ கேமை, கேம்களை இயக்கும் தன் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது அது பெயரளவுக்கான மாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்த ‘பிளாக் மீசா’ தன்னார்வலர்களின் கையால் 2012-இல் முதலிலும், விற்பனைக்கு உரிய முழு வடிவில் 2020-இலும் வெளிவந்தது. வால்வ் அதை விற்க அனுமதித்தது. மூல கேமின் இறுதியில் வரும் வேற்றுலகப் பகுதி அவசரமாக முடிக்கப்பட்டது என்று எல்லோரும் குறைசொல்வார்கள். பிளாக் மீசா குழு அந்தப் பகுதியை மட்டும் அடியோடு புதிதாகக் கட்டி, மற்றவற்றை மரியாதையோடு தொட்டது. இதற்கு நேர்மாறாக, ‘மெட்ராய்டு 2’ கேமுக்கு ஒரு ரசிகர் பல ஆண்டுகள் உழைத்து 2016-இல் வெளியிட்ட மறு ஆக்கத்தை நின்டெண்டோ சட்ட அறிவிப்பின் மூலம் நீக்க வைத்தது. மறு ஆண்டே தன் சொந்த மறு ஆக்கத்தை வெளியிட்டது. உரிமை அந்த நிறுவனத்துடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டையும் ஆடிப் பார்ப்பவர்கள் ஒரே கேமின் இருவேறு வாசிப்புகளைக் காண்கிறார்கள், அந்த ஒப்பீடு நமக்கு மறுக்கப்பட வேண்டியதில்லை.

இங்கேதான் படத்துக்கும் கேமுக்கும் உள்ள பெரிய வேறுபாடு தெரிகிறது. 2011-இன் ‘தி திங்’ எவ்வளவு சுமாராக இருந்தாலும் 1982-இன் படத்துக்கு எந்தக் கேடும் வரவில்லை. அது இருந்த இடத்தில் இருக்கிறது. ஜார்ஜ் லூக்கஸ் 1997-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களைத் திருத்தி வெளியிட்டு, திருத்தியதையே அதிகாரபூர்வ வடிவமாக்கியபோது ரசிகர்கள் கொதித்ததற்குக் காரணம் சில புதிய காட்சிகள் மட்டுமல்ல. பழைய வடிவம் நல்ல தரத்தில் கிடைக்காமல்போனதே. திரைப்பட உலகில் விதிவிலக்காக நடந்த அது, கேம் உலகில் வழக்கமாக நடக்கிறது. பழைய கன்சோல் பழுதாகும், கடையின் இணையதளம் மூடப்படும், மூல நிரலே தொலைந்துபோகும். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ‘சைலன்ட் ஹில் 2’ கேமின் 2012-ஆம் ஆண்டு உயர்தெளிவுப் பதிப்பைச் செய்தவர்களுக்கு, வெளியான கேமின் இறுதி நிரல் கிடைக்கவில்லை. முற்றுப்பெறாத நிரலை வைத்தே வேலை செய்தார்கள், மூடுபனிகூடச் சரியாக அமையவில்லை. நான் மேலே புகழ்ந்த ‘பிளேடு ரன்னர்’ கேமின் நிரலும் தொலைந்துவிட்டது. 2022-இல் வந்த மேம்படுத்திய பதிப்பு பழைய படங்களை மென்மையாக்கி மங்கலாக்கிவிட்டது. அது வந்தபோது மூல கேமைத் தனியே வாங்கும் வழியும் அடைபட்டது. ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே பழையது மீண்டும் தனியாக விற்பனைக்கு வந்தது. ‘வார்கிராஃப்ட் 3’ கேமின் 2020-ஆம் ஆண்டு மறு ஆக்கமோ, பழைய வட்டை வாங்கி வைத்திருந்தவர்களின் இணைய ஆட்டத்தையும் மாற்றியமைத்தது.

ஆகவே கேம் ரீமேக்கைப் பற்றிய என் முதல் எதிர்பார்ப்பு, அது பழையதை அகற்றாமல் அதன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது. இது செய்ய இயலாத காரியம் அல்ல. கேப்காம் நிறுவனம் 2019 முதல் தன் ரெசிடென்ட் ஈவில் வரிசையின் புதிய மறு ஆக்கங்களை வெற்றியோடு விற்றுக்கொண்டிருக்கும்போதே, தொண்ணூறுகளில் வந்த முதல் மூன்று கேம்களையும் 2024-இல் இன்றைய கணினிகளில் ஓடும்படி கோக் (GOG) என்ற இணையக் கடையில் வெளியிட்டது. ‘சிஸ்டம் ஷாக்’ மறு ஆக்கத்தைச் செய்த நைட்டைவ், 1994-இன் கேமையும் சீர்செய்து 2015-இலேயே விற்பனைக்கு வைத்திருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்ப்பவருக்கு, ஷோடானின் குரலில் எது அப்படியே இருக்கிறது, நிலையத்தின் தாழ்வாரங்களில் எது மாறியிருக்கிறது, எந்த மாற்றம் உயிரைத் தொட்டது, எது தோலை மட்டும் தொட்டது என்பதை வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.